டாண்டினோங் பஸ்காரர்கள்

பஸ் கம்பெனி என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது பஸ்தான். நூறு பஸ் வைத்திருந்தால் பெரிய முதலாளி, பத்து வைத்திருந்தால் சின்ன முதலாளி என்று ஒரு கணக்கு. உண்மையில் பஸ்ஸை யார் வேண்டுமானாலும் கடன் வாங்கியாவது வாங்கிவிடலாம். ரூட்தான் கிடைக்காது. எந்த ரோட்டில் ஓட்டலாம், எங்கே ஆள் ஏற்றலாம் என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கிற தாள் இருக்கிறதே, அதுதான் இந்தத் தொழிலின் முதல். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்தில் இரண்டு குடும்பங்கள் பஸ் ஓட்டியே வளர்ந்தன. கடைசியில் ஒரு குடும்பத்தின் கம்பெனியை இன்னொரு குடும்பம் வாங்கியது. அந்த வியாபாரம் முடிந்த சமயத்தில் நடந்த ஒரு காரியம் உலகம் முழுக்க செய்தியானது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1924-ல் ஹாரி கார்ன்வால் என்பவர், மெல்பர்னுக்குக் கிழக்கே இருக்கும் பாக்ஸ் ஹில் என்ற புறநகரிலிருந்து நகரத்துக்கு பஸ் விட ஆரம்பித்தார். கம்பெனியின் பெயர் வெஞ்சுரா. அந்தக் காலத்து மெல்பர்னில் ரயிலும் டிராமும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. போதாக்குறைக்கு பஸ்காரர்களும் கிளம்பி, டிராம் வருவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் ஸ்டாப்பில் நின்றவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். டிராமில் பணம் போட்டிருந்த அரசுக்கு இது பொறுக்குமா? டிராமோடும் ரயிலோடும் போட்டி போடக்கூடாது என்று சட்டம் வந்தது. பஸ்காரர்கள் நகரத்தை விட்டு வெளியே தள்ளப்பட்டார்கள்.

மெல்பர்ன் ரயில் வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி எல்லாப் பாதைகளும் நடுவிலிருந்து கிளம்பி வெளியே போகும். ஓர் ஆரத்திலிருந்து பக்கத்து ஆரத்துக்குக் குறுக்கே போக வழி இருக்காது. பஸ்காரர்களுக்குக் கிடைத்தது இந்தக் குறுக்குப் பாதைகளும், ஸ்டேஷனில் கொண்டுபோய் விடும் சின்ன ரூட்டுகளும்தான். பந்தி முடிந்தபின் கிடைக்கிற மிச்சச் சோறு மாதிரி. ஆனால் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மெல்பர்ன் வளர்ந்தது எங்கே? அந்த ஆரங்களுக்கு இடையே இருந்த காலி நிலத்தில்! வீடு, பள்ளிக்கூடம், கடைவீதி எல்லாம் ரயில் போகாத இடங்களில் முளைத்தன. தண்டனையாகக் கொடுத்த ரூட்டுகளே சொத்தாகிவிட்டன.

இரண்டாவது குடும்பம் கிரெண்டா. 1945-ல் ஜார்ஜ் கிரெண்டா, நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தென்கிழக்கே இருக்கும் டாண்டினோங்கில் தொழிலைத் தொடங்கினார். (இப்போது இலங்கைத் தமிழர்கள் நிறைய வாழும் பகுதி. மெல்பர்னில் சொந்தக்காரர்கள் இருந்தால் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.) அப்போது அது மாட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், ஹைன்ஸ், ஜெனரல் மோட்டார்ஸ் ஹோல்டன் என்று மூன்று பெரிய தொழிற்சாலைகள் வந்துவிட்டன. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய குடியேறிகள் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். வந்த புதிதில் யாரிடம் கார் இருக்கும்? ஷிப்ட் நேரத்துக்கு பஸ் வேண்டும். கிரெண்டாவுக்கு நல்ல காலம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹோல்டன் தொழிற்சாலையில் செய்தது கார். அதே தொழிலாளி இரண்டு மூன்று வருஷம் சம்பாதித்துத் தானும் ஒரு ஹோல்டன் வாங்கிவிட்டால் அப்புறம் பஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். மெல்பர்ன் முழுக்க அதுதான் நடந்தது. டிக்கெட் காசை மட்டும் நம்பியிருந்த தனியார் பஸ் கம்பெனிகள் தள்ளாட ஆரம்பித்தன. அவை மூடிவிட்டால் புறநகரத்துக் கிழவிகளும் பள்ளிப் பிள்ளைகளும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். விக்டோரியா மாநில அரசு முதலில் மானியம் என்று கொடுத்தது. பிறகு ஒப்பந்தம் என்று மாற்றியது. இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் ஓட்டு, அதற்கு இவ்வளவு பணம் என்று கணக்கு. பஸ்ஸில் ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் முதலாளிக்குப் பணம் வந்துவிடும்.

கேட்க சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படி ஒரு ஏற்பாடு வந்தபின் கம்பெனி எப்படி வளரும்? ஆள் நிறைய ஏறுகிறார்கள் என்று சொந்தமாகப் புது ரூட் போட முடியாது. டிக்கெட் விலையை நிர்ணயிப்பதும் அரசுதான். ஆக ஒரே வழி, பக்கத்து ஊர் பஸ்காரரை வாங்குவது. பக்கத்து ஊர்க்காரரும் பெரும்பாலும் ஒரு குடும்பம்தான். அப்பா ஓட்டினார், மகன் கணக்குப் பார்த்தான், பேரன் எனக்கு இது வேண்டாம் என்று வேறு வேலைக்குப் போய்விட்டான். அந்தக் கட்டத்தில் கதவைத் தட்ட ஆள் வேண்டும். கிரெண்டாவும் வெஞ்சுராவும் வருஷக்கணக்காக இந்தக் கதவுகளைத்தான் தட்டின. பெனின்சுலா, இன்விக்டா, மூராபின் டிரான்சிட் எல்லாம் கிரெண்டா குடைக்குள் வந்தன. வெஞ்சுரா இன்னும் துணிந்து, பிரிட்டனின் நேஷனல் எக்ஸ்பிரஸிடமிருந்து நேஷனல் பஸ் கம்பெனியை 2004-ல் வாங்கியது. அது ஒரு காலத்தில் அரசாங்கமே ஓட்டிய பஸ்கள், 1993-ல் தனியாருக்குக் கொடுக்கப்பட்டவை.

கிரெண்டா குடும்பம் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். பஸ் ஓட்டினால் மட்டும் போதாது என்று டாண்டினோங்கிலேயே பஸ் பாடி கட்டும் தொழிற்சாலையையும் நடத்தினார்கள். பெயர் வோல்கிரென். வோல்வோவில் பாதி, கிரெண்டாவில் பாதி! அலுமினியத்தில் கட்டிய அந்த பாடிகள் ஆஸ்திரேலியாவின் மற்ற நகரங்களுக்கும் போயின. ரூட்டை நம்பியே இருக்கும் தொழிலில் ரூட் இல்லாமல் சம்பாதிக்க வழி கண்டுபிடித்தது கெட்டிக்காரத்தனம்தான்.

இரண்டு கம்பெனிகளுக்கும் பகை என்று நினைத்துவிடக்கூடாது. 2006-ல் கால்ஃபீல்டிலிருந்து மொனாஷ் பல்கலைக்கழகம் வழியாக ரோவில் வரைக்கும் 900 என்ற எண்ணில் ஒரு விரைவு ரூட் வந்தபோது இருவரும் சேர்ந்தே ஓட்டினார்கள். மொனாஷின் கிளேட்டன் வளாகத்துக்குள் ரயில் போகாது. அங்கே படிக்கும் மாணவர்களுக்கு இந்த பஸ் எவ்வளவு முக்கியம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, 2012-க்கு வருவோம். ஜார்ஜின் மகன் கென் கிரெண்டாவுக்கு அப்போது 79 வயது. அறுபத்தாறு வருஷம் குடும்பத்திடம் இருந்த கம்பெனியை வெஞ்சுராவுக்கு விற்றார்கள். பத்திரிகைகள் சொன்ன விலை சுமார் 400 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர். வோல்கிரெனின் பெரும்பங்கு பிரேசில் நாட்டு மார்கோபோலோ கம்பெனிக்குப் போனது. இதுவரைக்கும் சாதாரண வியாபாரச் செய்தி. அடுத்து நடந்ததுதான் ஆச்சரியம். கிரெண்டாவில் வேலை பார்த்த சுமார் 1,800 பேரின் வங்கிக் கணக்கில் ஒருநாள் பணம் வந்து விழுந்தது. மொத்தம் ஏறக்குறைய 15 மில்லியன் டாலர். சராசரியாக ஒருவருக்கு 8,500 டாலர் பக்கம். பல வருஷம் உழைத்தவர்களுக்கு அதைவிட எவ்வளவோ அதிகம். வங்கிதான் ஏதோ தப்பு செய்துவிட்டது என்று நினைத்தவர்களும் உண்டு.

இதை தர்மம் என்று சொல்வதா, கடன் அடைத்தது என்று சொல்வதா? 400-ல் 15 என்றால் நான்கு சதவீதம்கூட இல்லை, இதற்கா இவ்வளவு ஆரவாரம் என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. முப்பது, நாற்பது வருஷம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வண்டி எடுத்த டிரைவர் இல்லாமல் அந்த 400 ஏது? ஆனால் சட்டப்படி ஒரு பைசா கூடக் கொடுக்க வேண்டியதில்லை. டிரைவரின் சம்பளம், விடுப்பு எல்லாம் புது முதலாளியிடம் அப்படியே தொடரும், விற்கிறவருக்கு அத்தோடு பொறுப்பு முடிந்தது. கொடுக்கலாமா வேண்டாமா என்று குடும்பத்துக்குள் பேசினால் போதும், வேறு எந்தப் பங்குதாரரிடமும் கைகட்டிப் பதில் சொல்ல வேண்டியதில்லை. குடும்பக் கம்பெனி என்றாலே நல்லது என்று யாரும் சொல்ல வரவில்லை. அதே சுதந்திரத்தை வைத்துக்கொண்டு கருமித்தனம் செய்தாலும் கேட்க ஆளில்லை. கிரெண்டா குடும்பம் அந்த சுதந்திரத்தை இப்படிப் பயன்படுத்தியது, அவ்வளவுதான்.

வெஞ்சுரா ஒரே நாளில் மெல்பர்னின் பெரிய பஸ் கம்பெனி ஆனது. ஆனால் ரூட் என்பது அரசாங்கத்தின் தாள் என்று முதலிலேயே சொன்னோம் இல்லையா? 2013-ல் அந்த வேலையை அரசு காட்டியது. நேஷனல் பஸ்ஸின் ரூட்டுகளை டெண்டர் விட்டு, பிரான்ஸின் டிரான்ஸ்டேவுக்குக் கொடுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய ரூட்டுகள் பத்து வருஷம்கூட நிற்கவில்லை. பஸ்களின் நிறமும் போனது. ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனி வண்ணம் பூசியிருந்த காலம் மாறி, எல்லாவற்றுக்கும் மாநில அரசின் ஆரஞ்சு வண்ணம் வர ஆரம்பித்தது.

பிறகு வெஞ்சுராவின் முறை. 1924-ல் தொடங்கிய கம்பெனி சரியாக நூறாவது வருஷத்தில், 2024-ல், கைமாறியது. சிங்கப்பூர் பங்குச்சந்தையில் இருக்கும் கெப்பெல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் டிரஸ்ட் ஏறத்தாழ 98 சதவீதப் பங்குகளை வாங்கியது. கம்பெனிக்குப் போட்ட மொத்த மதிப்பு 600 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர். பயணி ஏறினாலும் ஏறாவிட்டாலும் பணம் வரும் அந்த ஒப்பந்தம் இருக்கிறதே, முதலீட்டாளர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? டாண்டினோங்கில் 1945-ல் கிரெண்டா ஆரம்பித்ததும் இப்போது அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. காலையில் வண்டி எடுக்கும் டிரைவர் மட்டும் பழைய ரூட்டிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறார்.