கேணிக்கரையில் கேட்ட பாட்டு

கீரிமலைக் கேணிப் படிக்கட்டில் இருந்துகொண்டுதான் அந்தப் பாட்டுகளைக் கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் கடல். இந்தப் பக்கம் நிலத்தடியிலிருந்து ஊறி வரும் நன்னீர். இரண்டுக்கும் இடையில் ஒரு சுவர்தான். சின்ன வயதில் எனக்கு இது பெரிய அதிசயம். இப்பொழுதும் அதிசயம்தான்.

லண்டனிலிருந்து வந்திருந்த ராத்தாவின் மகன் தன்னுடைய கருவியை என் காதில் மாட்டிவிட்டு, "முழுக்கக் கேளுங்கோ மாமா. பிறகு உம்மாவோட கதையுங்கோ" என்றான். கணக்கியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பாட்டுக்காரனாகப் போகிறேன் என்கிறான். அவனுக்குப் புத்தி சொல்லும்படி ராத்தா என்னிடம் கேட்டிருந்தா. ராத்தாவுக்குப் புத்தி சொல்லும்படி அவன் கேட்கிறான். நான் நடுவில்.

அவன் கேட்கத் தந்தது ஓர் அமெரிக்க ரொக் இசை நாடகம். பெயர் 'பாஸிங் ஸ்ட்ரேஞ்ச்'. எழுதியவர் ஸ்ரூ என்ற கறுப்பினப் பாடகர். ஹைடி ரோட்வால்ட் என்ற பெண்ணோடு சேர்ந்து இசையமைத்திருக்கிறார். 2008இல் நியூயோர்க்கின் பிரோட்வே அரங்குக்கு வந்து, அந்த ஆண்டின் சிறந்த நாடகப் பிரதிக்கான ரோனி விருதைப் பெற்றது. ஒலிப்பதிவும் அதே ஆண்டில் வெளிவந்தது. சபையோரை முன்னால் வைத்துக்கொண்டு பதிவு செய்தது. அதனால் பாட்டுகளுக்கு இடையே சிரிப்பும் கைதட்டலும் கேட்கிறது.

தலைப்பு ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ பேசும் ஒரு வசனத்திலிருந்து எடுத்தது. ஒதெல்லோ ஒரு 'மூர்'. போர்த்துக்கேயர் இந்தத் தீவுக்கு வந்தபோது நமக்கு வைத்த பெயரும் அதுதான். நமக்கு நாம் சோனகர். ஆவணங்களில் இன்றைக்கும் மூர். இந்தத் தலைப்பு எனக்கு அந்நியமாகப் படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கதை எளிமையானது. லொஸ் ஏஞ்சல்ஸில் தாயோடு வாழும் ஓர் இளைஞன். வசதியான வீடு. தாய் வற்புறுத்தித் தேவாலயத்துக்குக் கூட்டிப் போகிறா. அங்கே பாடும் பாட்டில்தான் அவனுக்கு இசை பிடிபடுகிறது. உண்மையான வாழ்வைத் தேடுகிறேன் என்று வீட்டை விட்டு முதலில் அம்ஸ்ரர்டாமுக்கும் பிறகு பெர்லினுக்கும் போகிறான். நடுவயது அடைந்த கலைஞனாக ஸ்ரூவே மேடையில் நின்று, தன் இளமைக் காலத்தைப் போன்ற அந்தப் பையனின் கதையைச் சொல்கிறார்.

எனக்கும் ராகம் முதலில் விளங்கியது சோனகத் தெருவில் மௌலூது ஓதுகிற சபையில்தான். வாப்பா பழைய இரும்பு வியாபாரி. லொறியில் காங்கேசன்துறைப் பக்கம் போகிற நாட்களில் சில வேளை எங்களையும் ஏற்றிக்கொண்டு வந்து கீரிமலையில் இறக்கிவிடுவார். 1982இல் அப்படி ஒரு நாள். கேணிக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் வைரமுத்துவின் மயான காண்டத்தைப் போட்டிருந்தார்கள். நடிகமணி வி. வி. வைரமுத்து காங்கேசன்துறைக்காரர், பக்கத்து ஊர். அரிச்சந்திரனாக 3000க்கு மேற்பட்ட தடவை மேடையேறினார் என்று சொல்வார்கள். பாம்பு தீண்டி இறந்த மகனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி சுடலைக்கு வருகிறாள். மனைவி என்று தெரியாமல் கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான் அரிச்சந்திரன்.

பெண்கள் குளிக்கும் பக்கத்திலிருந்து முக்காட்டைப் பிழிந்துகொண்டு வெளியே வந்த உம்மா அப்படியே நின்றுவிட்டா. வாப்பா லொறியின் ஹோர்னை இரண்டு தரம் அடித்தார். உம்மா அசையவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில், "அந்தப் புள்ளை பிறகு எழும்பினதா?" என்று மட்டும் என்னிடம் கேட்டா. நான் தெரியாது என்றேன். வாப்பா, "அதெல்லாம் கூத்து" என்றார். அந்த லொறியில்தான் நான் பாட்டு எழுதுகிறவனாக வர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வைரமுத்து 1989இல் காலமானார். அடுத்த வருடம் ஒக்ரோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். எனக்குப் பதினேழு வயது. புத்தளத்தில் தில்லையடியில் ஒரு கிடுகுக் குடிசை கிடைத்தது. இரண்டு வருடம் அங்கே இருந்தேன். பிறகு புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை தேடிக்கொண்டு கொழும்புக்குப் போனேன். கவிதை எழுத வேண்டுமென்றால் கொழும்பில்தான் எழுத வேண்டும் என்று அன்றைக்கு நினைத்திருந்தேன்.

பெர்லினில் அந்த இளைஞன் செய்வது எனக்குத் தைத்தது. அங்கே கலைஞர் கூட்டமொன்றில் சேருகிறான். அவர்களுக்குப் போராளிகளைத்தான் பிடிக்கிறது. உடனே இவன் சேரியில் வளர்ந்து துன்பப்பட்ட கறுப்பனாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறான். உண்மையில் அவன் நல்ல வீட்டுப் பிள்ளை. அவனுடைய தாயே கேட்டிருந்தால் சிரித்திருப்பா. ஆனால் கூட்டம் கைதட்டுகிறது. ஒலிப்பதிவில் சபையோரும் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை.

ஏனென்றால் நானும் அதைத்தான் செய்தேன். புறக்கோட்டையில் மின்விசிறியுள்ள அறையில் படுத்துக்கொண்டு, மழையில் ஒழுகும் குடிசையைப் பற்றிக் கவிதை எழுதினேன். 'நான் நனைகிறேன்' என்று எழுதினேன். மேடைகளில் வாசித்தேன். அகதிக் கவிஞன் என்று அறிமுகப்படுத்தினார்கள். மறுக்கவில்லை. அகதிதான், பொய்யில்லை. ஆனால் அந்த மாரியில் நனைந்தது நானில்லை.

1993இல் ஒரு சஞ்சிகையில் வந்த என் கவிதையை ராத்தா உம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறா. அடுத்த முறை நான் போனபோது உம்மா சாதாரணமாகச் சொன்னா: "நல்லா எழுதியிருக்கிறாய் மகன். ஆனா அண்டைக்கு மழைக்குள்ள இருந்தது நானும் ராத்தாவும் எல்லோ. நீ இருக்கேல்லையே." எனக்குக் கோபம் வந்தது. கவிதை என்றால் அப்படித்தான் என்று ஏதோ விளக்கம் சொன்னேன். உம்மா சரி என்று தலையாட்டினா.

1996 ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. மறுநாள் ஒரு கவியரங்கு இருந்தபடியால் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து உம்மா மௌத்தாகிவிட்டா. செய்தி கிடைத்து நான் தில்லையடிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவை அடக்கிவிட்டு ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கபுறு மண் ஈரமாக இருந்தது.

நாடகத்திலும் அப்படித்தான் முடிகிறது. நத்தாருக்கு வா என்று தாய் தொலைபேசியில் கேட்கிறா. மகன் போகவில்லை. பிறகு தாயின் இறுதிச் சடங்குக்குத்தான் வீடு திரும்புகிறான். கதை சொல்லுகிற ஸ்ரூ அந்த இளைஞனோடு வாதாடுகிறார். வாழ்க்கையில் விட்ட பிழையைக் கலையால் திருத்த முடியுமா என்பதுதான் வாதம். கடலைப் பார்த்தபடி அந்தப் பகுதியை இரண்டு தரம் கேட்டேன்.

வைரமுத்து அரிச்சந்திரனின் துயரத்தைப் பாடினார். அவருடைய துயரமில்லை அது. ஆனால் அது வேடம் என்று அவருக்கும் தெரியும், விடிய விடிய இருந்து பார்த்த சனத்துக்கும் தெரியும். விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போவார். அதனால்தான் முக்காட்டைப் பிழிந்துகொண்டு நின்ற ஒரு சோனகப் பெண்ணுக்கும் அந்தத் துயரத்தில் இடமிருந்தது. நான் உம்மாவின் துயரத்தைப் போட்டுக்கொண்டு அதைக் கழுவாமலே திரிந்தேன். அதில் உம்மாவுக்கே இடமில்லாமல் போய்விட்டது.

காதிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தபோது மருமகன் தன்னுடைய சொந்தப் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினான். தொண்ணூறாம் ஆண்டு லொறியில் ஏறிய பையன் பாடுவது போலச் செய்திருந்தான். குரல் நல்ல குரல். மெட்டும் நன்றாயிருந்தது. ஆனால் அவன் பிறந்தது லண்டனில், 2002இல்.

"லொறியில ஏறினது ஆர்?" என்று கேட்டேன்.

"உம்மா."

"உம்மாட்டக் கேட்டியா, அண்டைக்கு என்ன நடந்ததெண்டு?"

அவன் பேசவில்லை. கேட்கவில்லை என்று விளங்கியது. எங்கோ வாசித்திருக்கிறான். அதில் என்னுடைய கவிதைகளும் இருந்திருக்கலாம்.

"படிப்பை விடுறதா இல்லையா எண்டு நான் சொல்லமாட்டன். பாடுறதெண்டா பாடு. ஆனா நீ லொறியில இருக்கேல்லை. லண்டனில ஒரு அறைக்குள்ள இருந்து அதை யோசிச்சுப் பாக்கிறவன். அப்பிடியே பாடு. அதுவும் ஒரு கதைதான்" என்றேன்.

அவனுக்கு அது பிடித்ததோ தெரியவில்லை. அந்த வயதில் எனக்குச் சொல்லியிருந்தால் எனக்கும் பிடித்திருக்காது. சொன்னவ உம்மா. அவ சொல்லியும் நான் கேட்கவில்லை.

இரவு ராத்தாவோடு கதைப்பதாகச் சொல்லிவிட்டு நான் கேணியில் இறங்கினேன். தண்ணீர் அன்றைக்கு இருந்தது போலவே குளிராக இருந்தது. தலை நிமிர்த்திப் பார்த்தபோது மருமகன் படிக்கட்டில் இருந்தபடி போனைக் காதில் வைத்திருந்தான்.

"உம்மா, அந்த லொறியில நீங்க எந்தப் பக்கம் இருந்தீங்க?" என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

பிறகு நெடுநேரம் அவன் பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்தான்.