கணக்குப் புத்தகத்தில் இல்லாத பெயர்

எங்கள் ஊரின் பழைய நெல் ஆலையில், கடந்த பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, மூன்று நாட்கள் ஊர் வரலாற்றுக் கண்காட்சி ஒன்றை நடத்தினோம். இளைஞர்கள் கூரையைத் திருத்தி, வௌவால் எச்சத்தைக் கழுவித் துடைத்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் உரல், உலக்கை, மரைக்கால், சுளகு, கலப்பை என்று சேர்த்து வந்தார்கள். அவற்றுக்கு விளக்க அட்டை எழுதும் பொறுப்பு என்னுடையது. ஆசிரியர் கலாசாலையில் படித்த நாளில் எழுத்து வடிவானவன் என்று பெயரெடுத்திருந்தேன்.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. பின்னர் சேனாநாயக்க சமுத்திரத்து நீர் வாய்க்கால் வழியே வர, எங்கள் வட்டைகள் இரண்டு போகமும் விளைந்தன. அந்த விளைச்சலுக்கு உலக்கை ஈடுகொடுக்கவில்லை. போடியார் ஒருவர் ஆலை போட்டார். இங்கிலாந்தில் செய்த லிஸ்டர் எஞ்சின், நீளமான பெல்ட், இரும்பு ஹல்லர். ஹல்லருக்குள் சுழலும் உருளை நெல்லைச் சல்லடைத் தகட்டோடு உரசி, உமியையும் தவிட்டையும் ஒரே தடவையில் கழற்றிவிடும். அரிசி உடையத்தான் செய்யும். குறுணலை உம்மா கோழிகளுக்குப் போடுவார்.

அட்டை எழுதுவதற்காகப் போடியார் வீட்டுக் கணக்குப் புத்தகங்களைப் புரட்டினேன். நெல் கொடுத்தவர்களின் பெயர்கள் ஹாஜியார், விதானையார் என்ற பட்டங்களோடு இருந்தன. எஞ்சினை ஓட்டியவருக்கு மட்டும் பெயரில்லை. மாதம்தோறும் 'டிரைவர் 1' என்றே சம்பளக் கணக்கு.

அவரை எனக்குத் தெரியும். மூன்று மைல் தள்ளியுள்ள தமிழ்க் கிராமத்தவர். ஊரில் பெரியவரும் சிறியவரும் 'எஞ்சினண்ணன்' என்றுதான் அழைப்போம். நோன்பு காலத்தில் மஃரிபுக்கு முன்னரே எஞ்சினை நிறுத்திவிடுவார். "பாங்கு கேக்கணும் தம்பி" என்பார். வாப்பாவின் சைக்கிளில் நெல் கொண்டுபோகும் என்னை மூட்டை மேல் ஏற்றி உட்கார வைப்பார். கடைசியாக நான் அவரைக் கண்டது பத்து வயதில்.

1990 யூனில் மீண்டும் யுத்தம் மூண்டது. அந்த ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வீரமுனையிலும் உயிர்கள் பறிபோயின. அதன்பின் அவர் வரவில்லை. எஞ்சினும் ஓடவில்லை. காலப்போக்கில் ரப்பர் உருளை மெஷின்கள் வந்து ஹல்லரை ஒதுக்கிவிட்டன.

எஞ்சினுக்குரிய அட்டையில் முதலில் நான் எழுதியது: 'நாட்டு நிலைமை காரணமாக 1990இல் ஆலை மூடப்பட்டது.' யாரும் எனக்கு அப்படி எழுதச் சொல்லவில்லை. கை தானாக எழுதிற்று. வீட்டில் வாசித்துக் காட்டியபோது உம்மா கேட்டார்:

"நாட்டு நிலமையா மனே எஞ்சின் ஓட்டின? அந்த மனிசன்ட பேரெங்க?"

உம்மாவுக்கும் அவர் பெயர் தெரியாது.

மறுநாள் விசாரித்துக்கொண்டு அவருடைய ஊருக்குப் போனேன். அவர் 2009இல் காலமாகியிருந்தார். மனைவி கதிரை போட்டு, தேநீர் தந்தார். "பின்னேரமானா, மில் சத்தம் கேக்குதா எண்டு கேப்பார் தம்பி. வந்து பாக்க ஆசைதான். பயம்" என்றார். அவருடைய பெயரை அன்றுதான் அறிந்தேன். மூன்று மைல் தூரத்துக்கு எனக்கு முப்பது வருடத்துக்கும் மேல் பிடித்திருக்கிறது.

புதிய அட்டையைக் கண்டதும் ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர், "பழைய புண்ணைக் கிண்டாதீங்க சேர்" என்றார். அவருடைய தமையனும் அந்த வருடம்தான் வயலுக்குப் போய்த் திரும்பவில்லை. அவரோடு வாதாட எனக்கு வாய் வரவில்லை. அட்டையை அவரிடமே நீட்டினேன். நீண்ட நேரம் வாசித்தார். பிறகு, "என்ட காக்காட பேரையும் ஒரு இடத்தில போடுங்க" என்றார். போட்டோம்.

எஞ்சினுக்குப் பக்கத்தில் இப்போது அவருடைய முழுப் பெயர் இருக்கிறது. கீழே: '1990 ஆகஸ்ட் வரை இந்த எஞ்சினை இயக்கியவர். இரு சமூகங்களுக்கிடையே மூண்ட வன்செயலால் வேலைக்கு வர முடியாது போனார். அதன்பின் இந்த ஆலை ஓடவில்லை.' சுவரில் எழுத மட்டுமே வீட்டார் அனுமதி தந்தமையால் பெயரை இங்கு தரவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் அவருடைய மனைவி மகளோடு வந்தார். பெயரை விரலால் தடவிப் பார்த்தார். உம்மா கையைப் பிடித்து அழைத்துப்போய் வாங்கில் இருத்தினார். இருவரும் அரிசி விலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பாங்கு சொல்லும் வரை அவர்கள் எழும்பவில்லை.