எனக்கு வருது, அவருக்கு வரலை

இணையதளம் அமைத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு மனப்பாடமான புகார் ஒன்று உண்டு: "எனக்கு வருது, அவருக்கு வரலை." தளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றிய மறுநாள் காலை இந்த போன் கட்டாயம் வரும். முதலாளிக்குப் பழைய பக்கம் தெரிகிறது, அவர் மகளுக்குப் புதிய பக்கம் தெரிகிறது, ஆடிட்டருக்கு எதுவுமே தெரியவில்லை. மூவரும் தட்டியது ஒரே பெயரைத்தான். மூவர் சொல்வதும் உண்மைதான்.

இதற்குத் தொழிலில் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "டிஎன்எஸ் இன்னும் பரவலை சார், 48 மணி நேரம் ஆகும்." சொல்பவருக்கு இரண்டு நாள் நிம்மதி; கேட்பவரால் எதிர்த்துப் பேச முடியாது. இரண்டு நாளில் பல கோளாறுகள் தானாகவே தீர்ந்தும் போகின்றன, அதனால் இந்தப் பதிலுக்கு நல்ல பெயர் நிலைத்துவிட்டது. தீராமல் மிஞ்சுபவை இரண்டு மாதம் காத்திருந்தாலும் தீராதவை. அவற்றையும் இதே பதிலால் மூடிவைப்பதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம்.

டிஎன்எஸ் என்பது டொமைன் பெயருக்கு ஐபி முகவரி எது என்று சொல்லும் ஏற்பாடு. நடப்பது என்னவென்று பார்த்தால், எதுவும் எங்கேயும் பரவுவதில்லை. அந்த விவரம் எழுதியிருக்கும் ரெக்கார்டை நீங்கள் மாற்றிச் சேமித்ததும் உலகத்துக்கு யாரும் தகவல் அனுப்புவதில்லை. யாராவது வந்து கேட்டால்தான் உண்டு. உங்கள் போன் நெட்வொர்க் நிறுவனத்தின் ரிசால்வரை, அதாவது முகவரி தேடித் தரும் சர்வரை, கேட்கும். அதற்குத் தெரியாவிட்டால், ஏ முதல் எம் வரை பெயரிட்ட 13 ரூட் சர்வர்களில் ஒன்றிடம் போகும். அது "டாட் காம் ஆட்களைக் கேள்" என்று கைகாட்டும். அவர்கள் உங்கள் டொமைனுக்குரிய நேம் சர்வரைக் காட்டுவார்கள். அங்கேதான் ஐபி முகவரி கிடைக்கும். கூடவே ஓர் எண்ணும் வரும். இந்தப் பதிலை இத்தனை விநாடி வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். அதுதான் டிடிஎல். 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள். அந்த நேரம் முடியும்வரை ரிசால்வர் மறுபடி உங்களிடம் வராது. கையில் இருப்பதையே எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கும்.

அந்த 48 மணி நேரக் கணக்கும் ஒரேயடியாகக் கட்டுக்கதை அல்ல. டாட் காம் சர்வர்கள் ஒரு டொமைனின் நேம் சர்வர் எது என்று சொல்லும்போது அதற்குத் தரும் டிடிஎல் 172800 விநாடி. கணக்குப் போட்டால் சரியாக இரண்டு நாள். ஆக, நேம் சர்வரையே மாற்றியிருந்தால் இரண்டு நாள் என்பதில் நியாயம் இருக்கிறது. ஐபிவி4 முகவரியைச் சொல்லும் ஓர் ஏ ரெக்கார்டை மாற்றிவிட்டு, அதன் டிடிஎல் 300 என்று எழுதியிருக்கும்போது இரண்டு நாள் என்று சொன்னால், சொல்பவர் பார்க்கவே இல்லை என்று பொருள்.

பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. டிக் என்று ஒரு கட்டளை இருக்கிறது, விண்டோஸ்காரர்களுக்கு என்எஸ்லுக்அப். டிக்குக்குப் பிறகு டொமைன் பெயரைக் கொடுத்தால் பதில் வரியில் பெயர், ஓர் எண், ரெக்கார்டு வகை, முகவரி என்று வரிசையாக வரும். அந்த எண்ணை மட்டும் பாருங்கள். 2847 என்று இருக்கிறதா? கொஞ்சம் பொறுத்து அதே கட்டளையை இன்னொரு முறை ஓட்டுங்கள். 2839 என்று இறங்கியிருந்தால், பதில் சொன்னவர் எங்கிருந்தோ கேட்டு வைத்துக்கொண்டு சொல்கிறார். இன்னும் 2839 விநாடியில் அவர் மறந்தாக வேண்டும். எத்தனை முறை கேட்டாலும் 3600, 3600 என்று நின்றால், நீங்கள் நேரே பொறுப்பான நேம் சர்வரிடமே கேட்டுவிட்டீர்கள். கூகுளின் 8.8.8.8-ஐக் கேட்டால் எண் முன்னும் பின்னும் குதிக்கும். அந்த ஒரு முகவரிக்குப் பின்னால் பல இயந்திரங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நினைவு. அதைக் கண்டு பதறத் தேவையில்லை. சொந்தக் கம்ப்யூட்டரின் டிஎன்எஸ் நினைவைத் துடைக்கும் கட்டளையைப் பலர் மந்திரம் போல ஓட்டுவார்கள். அது அந்தக் கம்ப்யூட்டரின் நினைவைத்தான் துடைக்கும். நெட்வொர்க் நிறுவனத்தின் ரிசால்வருக்கு அந்த மந்திரம் கேட்காது.

ஆளுக்கொரு பதில் வருவது கோளாறு என்றே நினைக்கிறோம். அப்படித்தான் இருக்கட்டும் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு அது. 1970-களில் ஆர்ப்பாநெட் வலையில் எந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன முகவரி என்பது ஒரே ஒரு கோப்பில் இருந்தது. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபீன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதிய கம்ப்யூட்டரைச் சேர்க்க வேண்டுமானால் அவர்களிடம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அவ்வப்போது கோப்பை இறக்கிக்கொள்வார்கள். உண்மை ஒரே இடத்தில் இருந்தது, உண்மைதான். ஆனால் கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக அந்தக் கோப்பால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1983 நவம்பரில் பால் மாகபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை இரண்டு ஆவணங்களாக எழுதி வெளியிட்டார். அவரவர் பெயருக்கு அவரவரே பொறுப்பு. கேட்டவர்கள் கொஞ்ச காலம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு சலுகைகளில்தான் இன்றைய இணையம் நிற்கிறது. கொஞ்ச நேரம் ஆளுக்கொரு பதில் இருப்பது அதற்குக் கொடுக்கும் விலை.

கொஞ்ச நேரம் என்பதுதான் முக்கியம். அதைத் தாண்டினால் காரணம் வேறு. சிவகாசியில் ஓர் அச்சக முதலாளி. காலண்டர், டைரி ஆர்டர்கள் தளத்தின் வழியாகவே வர வேண்டும் என்று ஆசைப்பட்டுப் புதுத் தளம் போட்டிருந்தார். தீபாவளிக்கு முன்பே அது தயாராகிவிட்டது. "தம்பி, எம் போன்ல பழைய படந்தான் வருது. மெட்ராஸ்ல மாப்பிள்ளை ஆபீஸ்ல புதுசு வருதாம்ல" என்றார்.

"மாத்தி எத்தனை நாள் ஆச்சு அண்ணாச்சி?"

"ஒரு வாரத்துக்கு மேல ஆகுது. 48 மணி நேரம், 48 மணி நேரம்னே சொல்லிக்கிட்டு இருக்காங்க."

ஒரு வாரம் என்றதுமே அது டிடிஎல் விவகாரம் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஏ ரெக்கார்டைப் பார்த்தால் புதிய முகவரி, சுத்தமாக இருக்கிறது. அடுத்து ஏ என்ற எழுத்தை நாலு முறை போட்டுக் கேட்டேன். அது ஐபிவி6 முகவரிக்கான ரெக்கார்டு. பழைய ஹோஸ்டிங்காரரின் முகவரி அங்கே அப்படியே குந்தியிருந்தது. தளத்தை மாற்றியவர்கள் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றிவிட்டு இதைத் தொடவே இல்லை. நம் ஊரில் செல்போன் இணையம் பெரும்பாலும் ஐபிவி6 வழியாகத்தான் ஓடுகிறது. அண்ணாச்சியின் போன் அந்த வழியில் பழைய சர்வருக்கே போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அலுவலக பிராட்பேண்டில் ஐபிவி4 மட்டும், அதனால் அவருக்குப் புதியது. இன்னும் நூறு 48 மணி நேரம் காத்திருந்தாலும் இது மாறியிருக்காது. ரெக்கார்டை நீக்கியதும், அதன் டிடிஎல் ஒரு மணி நேரம் என்பதால், மத்தியானச் சாப்பாட்டுக்குள் அண்ணாச்சி போனிலும் புதுசு வந்துவிட்டது.

"சில நேரம் வருது, சில நேரம் வரலை" என்றால் கதை வேறு. ஒரே பெயருக்குப் பல ஏ ரெக்கார்டுகள் இருக்கலாம், தப்பில்லை. கிட்ஹப் பேஜஸில் சொந்த டொமைன் வைப்பவர்களை 185.199.108.153 தொடங்கி 185.199.111.153 வரை நான்கு முகவரிகளைப் போடச் சொல்வார்கள். அந்த நான்குடன், டொமைன் வாங்கியபோது விற்றவர் தானாகப் போட்டுவைத்த விளம்பரப் பக்கத்தின் முகவரி ஐந்தாவதாக ஒட்டிக்கொண்டிருந்தால் போதும். வருகிறவர்களில் சிலர் உங்கள் தளத்தையும், சிலர் "இந்த டொமைன் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது" என்ற பலகையையும் பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும் விட அதிகம் நான் பார்த்த தவறு, எழுத வேண்டிய இடத்தில் எழுதாததுதான். டொமைன் வாங்கிய இடத்தில் ஒரு பேனல், ஹோஸ்டிங் வாங்கிய இடத்தில் இன்னொரு பேனல், நடுவில் யாரோ சொல்லி கிளவுட்ஃப்ளேரில் மூன்றாவது பேனல். மூன்றிலும் "டிஎன்எஸ் ரெக்கார்டு" என்று ஒரு பக்கம் இருக்கும். மூன்றும் பணிவாகச் சேமித்துக்கொள்ளும், "வெற்றி" என்று பச்சை நிறத்தில் காட்டும். ஆனால் டாட் காம் சர்வர்கள் எந்த நேம் சர்வரைக் கைகாட்டுகின்றனவோ அந்தப் பேனல் ஒன்றுதான் உலகத்தின் காதில் விழும். மற்ற இரண்டில் எழுதுவது அடுத்தவன் மனையில் கிணறு வெட்டுகிற வேலை. அதனால் ரெக்கார்டைத் தொடுவதற்கு முன் டிக் கட்டளையில் என்எஸ் என்று சேர்த்து ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது. அந்தப் பதிலில் வரும் பெயர் எந்த நிறுவனத்துடையதோ, அங்கேதான் லாகின் செய்ய வேண்டும்.

பல பேனல்களுக்கு இன்னொரு குணம் உண்டு. பெயர் என்ற கட்டத்தில் வெறுமனே டபிள்யூ டபிள்யூ டபிள்யூ என்று மட்டும் போட வேண்டும். மிச்சத்தை அதுவே ஒட்டிக்கொள்ளும். விவரம் தெரியாமல் முழுப்பெயரையும் எழுதினால், டொமைன் பெயர் இரண்டு முறை வரும் ஒரு விநோதப் பெயர் உருவாகும். யாரும் கேட்கப் போகாத பெயர் அது. பேனலில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். பெயர் முடிந்துவிட்டது என்று டிஎன்எஸ்ஸுக்குச் சொல்வது கடைசியில் வைக்கும் ஒரு புள்ளி. அது இல்லாவிட்டால் சில இடங்களில் மேலே இருக்கும் பெயர் தானாகச் சேர்ந்துவிடும். இது சின்னக் கடைக்காரர்கள் மட்டும் விழும் குழி என்று நினைக்க வேண்டாம். 2009 அக்டோபரில் ஸ்வீடன் நாட்டின் டாட் எஸ்இ பெயர்களுக்கான கோப்பைத் தயாரித்த நிரல் அந்தக் கடைசிப் புள்ளியை வைக்கத் தவறியது. நாட்டின் எஸ்இ டொமைன்கள் மொத்தமும் முடங்கின. கோப்பைச் சீக்கிரமே திருத்திவிட்டார்கள். ஆனால் தப்பான பதிலை அதற்குள் வாங்கிவைத்திருந்த ரிசால்வர்கள் மறக்கும்வரை பலருக்குத் தளங்கள் திறக்கவில்லை.

ரிசால்வர்கள் பதிலை மட்டுமல்ல, பதில் இல்லை என்பதையும் நினைவில் வைக்கும். அவசரக்காரர்களுக்கு இது விளங்குவதே இல்லை. ரெக்கார்டு போடுவதற்கு முன்பே, வந்துவிட்டதா என்று பிரவுசரில் தட்டிப் பார்க்கிறார்கள். "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று நேம் சர்வர் சொல்கிறது. அந்த "இல்லை"க்கும் ஆயுள் உண்டு. எஸ்ஓஏ என்ற ரெக்கார்டில் இருந்து அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1998-இல் முறையாக வரையறுத்தார்கள். பிறகு ரெக்கார்டைப் போட்டாலும் அவர் நெட்வொர்க்கில் மட்டும் கொஞ்ச நேரத்துக்கு இல்லை, இல்லை என்றே வரும். ஒரு தடவைகூடத் தட்டிப் பார்க்காத பக்கத்து வீட்டுக்காரருக்கு உடனே வரும். ரெக்கார்டை முதலில் எழுதிவிட்டு, நேம் சர்வரிடம் நேராகக் கேட்டு உறுதிசெய்துகொண்டு, அப்புறம் பிரவுசரைத் திறப்பதே உத்தமம்.

தமிழிலேயே டொமைன் வாங்கியவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றுக்கும் தமிழ் எழுத்தில் மேல்நிலைப் பெயர்கள் உண்டு. ஆனால் டிஎன்எஸ் ரெக்கார்டுக்குள் தமிழ் நுழையாது. எக்ஸ் என் என்று ஆரம்பிக்கும் ஒரு நீண்ட ஆங்கில எழுத்துக் குவியலாக மாறித்தான் நிற்கும். ஓர் ஒற்று கூடிப்போனால் குவியலும் வேறாகிவிடும். கண்ணால் ஒப்பிட்டுப் பிழை கண்டுபிடிப்பது ஆகாத காரியம்; மாற்றித் தரும் கருவியில் ஒட்டிச் சரிபார்ப்பதுதான் வழி.

இத்தனையிலும் தளம் தெரியாமல் போவது சின்னத் தொல்லைதான். மெயில் நின்றுபோவதுதான் பெரிது. நேம் சர்வரை மாற்றும்போது ஏ ரெக்கார்டை நினைவாக எழுதுபவர்கள் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை மறந்துவிடுவார்கள். தளம் ஜோராக வரும். மெயில் மட்டும் வராது. தளம் வராவிட்டால் உடனே போன் வரும். மெயில் வரவில்லை என்பதைக் கண்டுபிடிக்கவே நாளாகும், ஏனென்றால் வராத மெயிலை யார் கவனிப்பார்கள்?

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்கு இப்படித்தான் நேர்ந்தது. எம்எக்ஸ்ஸை எழுத டொமைன் கணக்கில் லாகின் செய்ய வேண்டும். கடவுச்சொல் முன்பு வேலை பார்த்த பையனிடம், அவனோ துபாயில். "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்பதை அழுத்தினால் ஓடிபி போவது மண்டியின் சொந்த டொமைனில் இருக்கும் மெயில் முகவரிக்கு. அந்த மெயில் வர எம்எக்ஸ் வேண்டும்; எம்எக்ஸ் எழுத அந்த மெயில் வேண்டும். இங்கே காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது, இந்தக் காத்திருப்புக்கு டிக் கட்டளையில் எண் எதுவும் வராது. பான் கார்டு, ஜிஎஸ்டி சான்றிதழ், லெட்டர்ஹெட்டில் முத்திரையோடு ஒரு விண்ணப்பம் எல்லாம் அனுப்பி, விற்ற நிறுவனம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கடைசியில் கணக்கைத் திறந்து விட்டார்கள். இப்போது அந்தக் கணக்கு முதலாளி மருமகளின் சொந்த ஜிமெயில் முகவரியில் இருக்கிறது.