சாணை பிடிக்கும் வீடியோவும் கரும்பலகையின் மூலையும்



என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன், வீட்டுக் கத்திக்கு நாமே சாணை பிடிப்பது எப்படி என்று யூடியூபில் வீடியோ போடுகிறான். "டீச்சர், பாத்துட்டுக் கருத்து சொல்லுங்க" என்று 22 நிமிட வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தான்.

எங்கள் தெருவுக்குச் சாணை பிடிப்பவர் வந்து பல வருடமாகிறது. கூர்மையான கத்தியைவிட மழுங்கின கத்திதான் ஆபத்து. தக்காளித் தோலில் இறங்காமல் வழுக்கி விரலில் ஏறிவிடும். தனியாக இருக்கும் என் நாத்தனாருக்கு அப்படித்தான் இரண்டு தையல் போட வேண்டியதாயிற்று. அவருக்கு உதவுமே என்றுதான் கல்லும் கத்தியுமாக உட்கார்ந்து பார்த்தேன்.

பையன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கையில் கத்தி, இன்னொரு கையில் கல்லின் சேறு. ஒரு இடத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்றால் அது எத்தனையாவது நிமிடம் என்று தெரியவில்லை. ஈரக் கையால் தள்ளினால் எங்கோ போய் நிற்கிறது. அவனுக்கு மூன்று விஷயம் எழுதினேன்.

முதலாவது, பொருளடக்கம். வீடியோவின் கீழே விவரம் எழுதும் இடத்தில் 0:00 என்று தொடங்கி, நேரத்தையும் தலைப்பையும் வரிசையாக எழுதினால் யூடியூபே பாகம் பிரித்துக் காட்டும். குறைந்தது மூன்று தலைப்பு வேண்டும், ஒவ்வொன்றும் 10 விநாடியாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, தலைப்பின் பெயர். "பாகம் 1, பாகம் 2" என்று போட்டால் பயனில்லை. பார்ப்பவர் எங்கே தடுமாறுவாரோ அதையே தலைப்பாக்க வேண்டும். "கத்தியை எவ்வளவு சாய்ப்பது?", "பிசிறு வந்ததா?", "பிசிறு வரவில்லையே, ஏன்?" என்று. ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க, மறுபக்க விளிம்பில் இரும்பு மெல்லிய பிசிறாக மடங்கும். அடி முதல் நுனி வரை அது தட்டுப்பட்டால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். அதைப் பார்க்க, கட்டைவிரலைக் கத்தியின் முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே தடவ வேண்டும். விளிம்பின் நீளத்துக்குத் தடவவே கூடாது. வீடியோவைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பவர் இந்த ஒரு வாக்கியத்தைத் தவறவிட்டால் விரல் போய்விடும். அதற்குத் தனித் தலைப்பே வேண்டும்.

மூன்றாவது, கரும்பலகையின் மூலை. வகுப்பில் தேதி, பாடம், தலைப்பு மூன்றும் மணி அடிக்கும் வரை அழியாமல் இருக்கும். தாமதமாக வரும் பிள்ளையும் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளும். வீடியோவிலும் ஒரு மூலையில் "1000 எண் கல், வலது பக்கம், 15 டிகிரி" என்று நிற்கட்டும் என்றேன். டிகிரி புரியாதவர்களுக்கு, கத்தியின் அகலம் 4 செ.மீ. என்றால் அதன் முதுகு கல்லிலிருந்து ஏறக்குறைய 1 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும் என்று காட்டச் சொன்னேன்.

மூன்றையும் செய்துவிட்டான். நாத்தனாருக்கு அனுப்பினேன். "பிசிறு வந்ததாங்கிற இடத்தை மட்டும் நாலு தடவை பாத்தேன் அண்ணி" என்றார். வகுப்பில் நாலு தடவை கேட்கக் கூச்சப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! வீடியோவிடம் கூச்சமில்லாமல் கேட்கலாம், கேட்க ஒரு வழி மட்டும் வைத்துவிட்டால் போதும்.

தையல், சமையல், மோட்டார் பழுது என்று வீடியோ போடும் பிள்ளைகள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எடுப்பதற்கு முன் ஒரு தாளில் பாடக்குறிப்பு எழுதுங்கள். அதுவே பொருளடக்கமாகிவிடும். எழுதினதை எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். சிவப்புப் பேனா இன்னும் காயவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்