அடுப்பு புகைகிற வீடு

இளையரசனேந்தலில் அம்மா இறந்து மூன்று வருஷமாகிறது. அதற்கு முந்தின வருஷம் நுரையீரல் டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போயிருந்தேன். அவருடைய முதல் கேள்வி, பீடி சுருட்டுப் பழக்கம் உண்டா என்பது. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நான் எதுக்கய்யா பீடி குடிக்கேன்?" என்றாள். கேள்வி அபத்தமில்லை. படத்தில் தெரிந்தது நாற்பது வருஷம் புகைத்த ஒருவரின் நுரையீரல். அவள் புகைத்ததும் நாற்பது வருஷம்தான், அடுப்படியில், ஊதுகுழலோடு.

கரிசல் காட்டில் எரிக்கக் கிடைப்பது பருத்திமார், கம்பந்தட்டை, எரு, பிறகு எங்கும் மண்டிய வேலிக்கருவேல். பருத்திமார் சடசடவென்று பிடித்து உடனே அடங்கிவிடும். பக்கத்திலேயே குனிந்திருந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எருவும் ஈர விறகும் எரிவதைவிடப் புகைவதே அதிகம்.

நம் மொழியில் புகை கெட்ட சொல் அல்ல. அடுப்பு புகையாத வீடு என்றால் பட்டினி கிடக்கும் வீடு. தருக்கத்திலும் புகை நம்பகமான சாட்சி. மணிமேகலையில் அறவண அடிகள் அனுமானத்தை விளக்க எடுத்துக்கொள்வது மலை மேல் தெரியும் புகையைத்தான். நம் புதுக்கவிதையிலும் கிராமம் என்று ஆரம்பித்தால் கூரை வழியே கசிகிற புகை வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட வரிகளை நானே பாராட்டி எழுதியிருக்கிறேன். புகை ஒரு குறி. அதற்குப் பின்னால் நெருப்பு, சோறு, குடும்பம். அந்தக் குறியையே சுவாசித்தபடி உள்ளே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பது படிமத்துக்கு வெளியே நின்றுவிட்டது. தெருவில் நின்று பார்ப்பவனின் கவிதை அது. விமர்சகனும் அவனோடு தெருவில்தான் நின்றிருக்கிறான்.

அம்மாவுக்குப் பிறகுதான் எண்களைப் படித்தேன். 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள், தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் அதைத் தடுப்பதில்லை. காற்றறைவரை போகிறது, ரத்தத்திலும் கலக்கிறது. மாரடைப்பு, பக்கவாதம்வரை அதன் வேலை நீள்கிறது. சீனாவில் ஹுவாய் நதிக்கு வடக்கே குளிர்காய அரசாங்கம் இலவச நிலக்கரி கொடுத்தது, தெற்கே கொடுக்கவில்லை. வடகரையில் ஆயுள் சுமார் 3 வருஷம் குறைவு என்று 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. இதை வைத்துச் சிகாகோ பல்கலைக்கழகத்தார் ஒரு வாய்ப்பாடு போட்டிருக்கிறார்கள்: கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடி நீடித்தால் ஏறக்குறைய ஒரு வருஷம் போகும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த ஆண்டு அளவு 5. இந்தியா 2009இல் வைத்தது 40. வட்டி போட்டுப் பழகிய கை கழித்துப் பார்க்கிறது. சட்டத்தை யாரும் மீறாமலே மூன்று வருஷத்துக்கு மேல் போய்விடலாம்.

இந்தக் கணக்குக்கான காற்றைச் செயற்கைக்கோளின் துணையோடு அளக்கிறார்கள். அது கூரைக்கு மேலே உள்ள காற்று. அம்மா கூரைக்குக் கீழே இருந்தாள்.

தூத்துக்குடியில் புகைக்கு ஒரு விலாசம் இருந்தது. தாமிர ஆலையை மூடச் சொல்லி 2018 மே 22இல் ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். அந்த மாதமே ஆலையை மூட அரசு உத்தரவிட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. அடுப்படிப் புகையை எதிர்த்து ஊர்வலம் போவதென்றால் யார் வீட்டுக்குப் போவது?

2016இல் உஜ்வலா திட்டம் வந்து, கிராமங்களில் காஸ் அடுப்பு பரவியது. அம்மாவுக்கு நானே வாங்கிக் கொடுத்திருந்தேன். காப்பிக்கு மட்டும் பற்றவைப்பாள். "காஸ்ல ஆக்குன சோத்துல ருசி இல்லப்பா" என்பாள். சிலிண்டர் தீர்ந்துபோகுமே என்ற பயத்துக்கு அவள் வைத்த பெயர் ருசி. எனக்கு அது தெரியும். தெரிந்தும், ஊருக்குப் போகும்போதெல்லாம் விறகடுப்புச் சோற்றையும் மண்சட்டிக் குழம்பையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நண்பர்களிடம் அதைப் பற்றி ரசித்துப் பேசியும் இருக்கிறேன். வாய்ப்பாட்டில் இதற்கு இடமில்லை.

நவம்பர் மாதம் வங்கியில் பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வருவார்கள். செல்போனிலேயே முடித்துவிடலாம் என்றாலும் கிழவிகள் நேரில் வருவதையே விரும்புகிறார்கள். போன நவம்பரில் ஒருத்தி கவுண்டரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி நின்றாள். வேலை செய்து தேய்ந்த அவள் விரலை இயந்திரம் ஏற்கவில்லை. கையைப் பிடித்து மறுபடி வைக்க நான் எழுந்து போனேன். சேலையிலிருந்து விறகுப் புகை வாசம் வந்தது. அம்மாவின் வாசம். என்னை அறியாமல் அதை ஆழமாக உள்ளிழுத்தேன். நான்காம் தடவை ரேகை பதிந்தது. உயிரோடிருக்கிறாள் என்று திரையில் வந்தது.