காக்காப்பொன்னில் நிற்கும் மனிதர்கள்

ஜூலை 6, ஞாயிறு

விடிந்ததிலிருந்து சின்னமனூரில் ஒரே காற்று. தென்னை மட்டைகள் ஓயாமல் இரைகின்றன. வீட்டிலேயே இருந்து, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பைத் திறந்தேன். 12 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு அங்கே பதிவு இருக்கிறது. 'தஞ்சாவூர்' என்று தேடினேன். தங்கத்தகடு ஒட்டிய சாமி படங்களோடு கம்பெனி ஓவியங்களும் வந்தன. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஊருக்கு எடுத்துப்போக நம் ஓவியர்களிடம் வாங்கியவை. கணவனும் மனைவியுமாக நிற்கிறார்கள்; கையில் தொழிற்கருவி. அதை வைத்துத்தான் ஆள் இன்னார் என்று தெரிகிறது.

ஜூலை 8, செவ்வாய்

இன்று இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்த்தேன். தஞ்சாவூர்ப் படம் ஐரோப்பியக் காகிதத்தில். திருச்சிப் படம் மைக்காவில். நாம் சின்ன வயதில் ஓடைக்கரையில் பொறுக்கி, ஏடு ஏடாக உரித்து விளையாடிய அதே காக்காப்பொன். காகிதம் வண்ணத்தைக் குடித்துக்கொள்கிறது. மைக்கா குடிப்பதில்லை, வண்ணம் மேலேயே தங்கிப் பளிச்சென்று நிற்கிறது, நாளானால் உதிர்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால்தான் இது புரிகிறது.

தேடல் யேல் பல்கலைக்கழகத்தின் பைனக்கி நூலகத்துக்குக் கொண்டுபோனது. அங்கே 1837-இல் மதுரையில் உருவான தொகுப்பு ஒன்று: மைக்காவில் 72 படங்கள். அமெரிக்க மிஷனரிகளின் ஆங்கிலப் பள்ளியில் எழுத்துப் பயிற்சி தந்த நம்மவர் ஒருவர் தொகுத்து, வில்லியம் ட்வைனிங் என்ற பாதிரியாருக்கு அளித்தது. அப்போது சின்னமனூர் இருக்கும் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கும் மதுரை மாவட்டம்தான். படத்துக்குப் படம் சாதிப் பெயர் இருக்கிறது. நின்றவரின் பெயர் இல்லை. மனசு கனத்தது.

ஜூலை 9, புதன்

நான் பார்த்தவற்றில் கள் இறக்குபவர் ஒருவரின் படத்தைப் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் காட்டினேன். நாற்பது வருஷம் பனை ஏறியவர். போனைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"சாமான் எல்லாம் சரியாத்தாம்ப்பா போட்ருக்கான். ஆனா இந்தாளு மரம் ஏறல."

"எப்படித் தாத்தா சொல்றீங்க?"

சட்டைப் பொத்தானைக் கழற்றினார். நெஞ்சின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துத் தடித்த காய்ப்பு. முன்கை இரண்டிலும் அப்படியே. மரத்தோடு மரமாக உரசி உரசி வந்தது. திரையில் இருந்தவரின் நெஞ்சோ எண்ணெய் தடவியதுபோல் வழவழவென்று இருந்தது.

வாங்குகிறவருக்குத் தொழில் விளங்க வேண்டும். அதற்குக் கருவி போதும் என்று ஓவியர் நினைத்திருக்கலாம். அந்தத் தொழில் உடம்பில் எழுதிய எழுத்து விடுபட்டுப்போனது. படத்தோடு படத்தை ஒப்பிட்ட எனக்கு இது கண்ணில் படவில்லை. அந்த வேலை செய்த உடம்புக்குத் தெரிந்தது.

ஜூலை 12, சனி

தாத்தா சொல்லச் சொல்ல, பனை ஏறும் கருவிகளின் பெயர்களை நோட்டில் எழுதினேன்: தளைநார், பாளை அரிவாள், அரிவாள்பெட்டி. அருங்காட்சியகங்கள் படத்தை நம் வீட்டு வாசல்வரை கொண்டுவந்துவிட்டன. அதற்கு உரை சொல்லக்கூடியவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள், வயதாகிக்கொண்டு. அவர்களிடம் இந்தப் படங்களைக் காட்ட வேண்டும், உடனே.

திங்கட்கிழமை நான் எடுக்கும் ஓவிய வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்லப்போகிறேன்: வீட்டில் உழைக்கிறவர் ஒருவரை வரைந்து வாருங்கள். முதலில் உள்ளங்கையைப் பாருங்கள். படத்துக்குக் கீழே அவர் பெயரை எழுதுங்கள்.