கடலடிக் கணக்கு

கும்மிடிப்பூண்டிச் சிப்காட் வளாகத்தில் எந்த ஆலைக்குள் நுழைந்தாலும் ஒரு பதிவேடு காத்திருக்கும். உலையின் வெப்பம், கொதிகலனின் அழுத்தம், பணிமுறை மாறிய நேரம் என யாரேனும் ஒருவர் எழுதிக் கையொப்பமிட்டுக்கொண்டே இருப்பார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு எழுதுவது கூடப் பிறந்த வழக்கம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் அவ்வழக்கத்தைக் கடலுக்கடியிலும் கொண்டு சென்றிருக்கிறார். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களின் அடிப்பகுதியை நீருக்குள் மூழ்கி ஆராய்வது அவர் தொழில்.

அண்மையில் அவர் தம் கைப்பேசியிலுள்ள பதிவுகளைக் காட்டினார். மணிக்கட்டில் அணியும் சிறு கணினி, சில நொடிகளுக்கு ஒருமுறை ஆழத்தைக் குறித்துக்கொள்கிறது. கரையேறியதும் அக்குறிப்புகள் கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன. திரையில் ஒரு கோடு சரிந்து இறங்கி, கிடையாக ஓடி, மெல்ல மேலேறியது. ஆழம் 14 மீட்டர். நேரம் 38 நிமிடம். உருளையிலிருந்த காற்றின் அழுத்தம் 200 பாரிலிருந்து 70 பாராகக் குறைந்திருந்தது. பார்வைத்தெளிவு என்னும் கட்டத்தில், 'என் கையே தெரியவில்லை' என்று எழுதியிருந்தார்.

"இத்தனையும் எதற்கு?" என்றேன்.

"காலையில் எவ்வளவு நேரம் மூழ்கியிருந்தேன் என்பதை நான் மறந்துவிடலாம், ஐயா. என் உடம்பு மறக்காது" என்றார்.

அதன் பொருளை அறிவியல் விளக்குகிறது. கடலில் ஏறத்தாழ 10 மீட்டர் இறங்கும்தோறும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அவ்வழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் குருதியிலும் திசுக்களிலும் கரைகிறது. மெல்ல ஏறினால் அது மூச்சோடு வெளியேறும். விரைந்து ஏறினால், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல உடலுக்குள் குமிழிகள் தோன்றும். மூட்டுவலி முதல் கைகால் முடக்கம் வரை, சிலவேளை உயிரிழப்பும், அதனால் நேரும். ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்து ஆராய்ந்து, எங்கெங்கே நின்று நின்று மேலேற வேண்டும் என்னும் அட்டவணையை 1908இல் வெளியிட்டார். கரையேறிய பின்னும் எஞ்சிய நைட்ரஜன் நீங்கப் பல மணி நேரம் ஆகும். ஆகவே, பிற்பகலில் மூழ்குபவர் முற்பகலின் கணக்கையும் சுமந்தே இறங்குகிறார்.

என் மாணவர் பயன்படுத்தும் 'சப்சர்ஃபேஸ்' என்னும் மென்பொருளைத் தொடங்கியவர், லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ். மூழ்குவதில் பேரார்வம் கொண்ட அவர் 2011இல் தொடங்கிய அம்மென்பொருள், எவருக்கும் விலையின்றிக் கிடைக்கிறது.

மென்பொருளுக்கு விலையில்லை, மணிக்கட்டுக் கணினிக்கு உண்டு. மூச்சடக்கி முத்துக்குளித்த கொற்கை முன்னோர், மேலிருந்து கொண்டுசென்ற ஒற்றை மூச்சோடு திரும்பினர். மன்னார் வளைகுடாவில் இன்று சங்கு குளிப்போரோ, படகிலுள்ள காற்றழுத்தப் பொறியிலிருந்து குழாய்வழிக் காற்றைப் பெற்று நெடுநேரம் அடியில் தங்குகின்றனர். அவர்களுள் பலரிடம் கணினியும் இல்லை, கணக்கும் இல்லை. அக்கருவியை அரசு மானிய விலையில் வழங்கலாம் என்பது என் எண்ணம். அதுவரை, படகிலிருப்பவர் பள்ளிக் குறிப்பேடு ஒன்றில் இறங்கிய நேரம், ஏறிய நேரம், கயிற்றால் அளந்த ஆழம் ஆகியவற்றை எழுதி வைக்கட்டும். நள்ளிரவில் மூட்டுவலியோடு மருத்துவமனைக்குச் செல்பவரிடம் மருத்துவர் முதலில் கேட்பவை அவைதாம்.